சாயக் கம்பனிக்கும் ஓர் அழைப்பிதழ்

எனக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுவேன். மற்றவர்கள் கத்துவார்கள், பாத்திரத்தை நங்கென்று வைப்பார்கள், இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். நான் கண்டியில் ஓர் அரசாங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராகக் குப்பை கொட்டியவள். 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று ஒரு வரி எழுதினால்தான் எனக்கு மூச்சே ஒழுங்காக வரும். ஓய்வு பெற்ற பிறகு கோபம் அப்படியே இருந்தது, எழுதுவதற்குத்தான் விடயம் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பலாமரத்தைப் பற்றி எவ்வளவு நாளைக்கு எழுதுவது?

அந்தக் குறையை எங்கள் ஓயா தீர்த்து வைத்தது.

ஓயா என்று நாங்கள் சொல்வது மலையிலிருந்து இறங்கி, எங்கள் தெருவின் பின்பக்கமாக ஓடி, மகாவலியில் போய் விழும் சிற்றாறு. மேலே ஒரு திருப்பத்தில் துணிகளுக்குச் சாயம் போடும் கம்பனி ஒன்று வந்தது. அது வந்ததிலிருந்து ஓயா திங்கட்கிழமை சிவப்பாகவும், செவ்வாய்க்கிழமை பச்சையாகவும், வார இறுதியில் எதுவென்று சொல்ல முடியாத ஒரு நிறமாகவும் ஓடியது. கொழும்பில் இந்தப் பருவத்துக்கு என்ன நிறம் எடுபடுகிறது என்பதை எங்கள் தெருப் பெண்கள் ஓயாவைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஒருத்தி ஓயாவைப் பார்த்துவிட்டுப் போய் அதே நிறத்தில் சேலை எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், கம்பனி முதலாளியை யாராலும் திட்ட முடியாது. கல்யாணமோ மரண வீடோ, ஆட்கள் உட்காரக் கதிரைகளை ஏற்றி இறக்க அவருடைய லொறிதான் வரும். கேட்காமலே வரும். அப்படிப்பட்ட மனிதரை எப்படித் திட்டுவது? ஓயாவைத்தான் திட்டினோம்.

ஓயாவிலிருந்து பத்தடி தூரத்தில் இடியப்பக்காரியின் வீடு. பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி எங்கள் தெருவுக்கு வந்தவள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளை இடியப்பத்தில்தான் வளர்த்தாள். விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள், பாடசாலைக்குப் போகிறவர்கள், சமைக்கச் சோம்பல்படுகிற என்னைப் போன்றவர்கள், எல்லாருக்கும் அவளுடைய இடியப்பமும் சம்பலும்தான். அவள் வீட்டுக் கிணற்றிலும் மெதுவாக நிறம் இறங்க ஆரம்பித்தது. அவள் சந்திக் குழாயில் போய்த் தண்ணீர் சுமந்து வந்து மாவு குழைத்தாள். ஆனால் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே நல்ல தண்ணீர் இல்லையென்றால் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் தவணை கொடுத்தார்.

அப்போதுதான் ஓயா பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இயற்கையைக் காப்பாற்றத்தான் தொடங்கினோம் என்று பிறகு பல இடங்களில் பேசியிருக்கிறோம். அது சும்மா. எங்களுக்குக் காலையில் இடியப்பம் வேண்டும்.

தலைவராக ஹாஜியார். மடவளையில் துணிக்கடை வைத்திருந்து, கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருப்பவர். ஓயாத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அவர் முதன்முதலில் சொன்னது, "இது மட்டமான சாயம் தங்கச்சி. ரெண்டு கழுவல்ல போயிரும்." ஓயா கெட்டதைவிட அதுதான் அவருக்குப் பெரிய மனவருத்தம். உப தலைவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட விஞ்ஞான மாஸ்டர். செயலாளர் நான். மூன்று மொழியிலும் கடிதம் எழுதத் தெரியும் என்ற ஒரே குற்றத்துக்காக.

மாஸ்டர் தினமும் காலையில் ஓயாவில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, திகதி ஒட்டி, சனசமூக நிலையத்தின் ஜன்னல் ஓரமாக வரிசையாக அடுக்கினார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். வெயில் பட்டால் அப்படியொரு அழகு. "இதுதான் எங்கடை சாட்சி. ஒருத்தரும் கை வைக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மருமகளின் தங்கை கல்யாணத்துக்கென்று யாழ்ப்பாணம் போய்விட்டார்.

நான் பதினான்கு கடிதங்கள் எழுதினேன். பதினான்காவதற்குப் பதில் வந்தது. சுற்றாடல் அதிகாரி ஒருவர் புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நேரில் வந்து ஓயாவைப் பார்வையிடுவார் என்று போட்டிருந்தது.

இங்கேதான் எங்கள் புத்தி கெட்டது.

நான் பிறந்த தோட்டத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். நான் வேலை செய்த காரியாலயத்தில் கணக்காய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் திரைச்சீலை மாற்றுவோம். அதிகாரி வருகிறார் என்ற சொல் காதில் விழுந்ததும் எங்கள் கை தானாகவே விளக்குமாற்றைத் தேடும். மூளையைக் கேட்டுக்கொண்டு இருக்காது.

"ஆளு வாரதுக்கு முந்தி ஓயாவைக் கொஞ்சம் பாக்குற மாதிரி ஆக்கோணும் தங்கச்சி" என்றார் ஹாஜியார். "இப்பிடி ஊத்தையா ஈந்தா எங்களப் பத்தி என்ன நெனப்பாங்க?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. உடனே உட்கார்ந்து சிரமதானத்துக்கு அறிவித்தல் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருவே இறங்கியது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லாரும். அப்படி ஓர் ஒற்றுமையை நான் அதற்கு முன்பு தேர்தல் காலத்தில்கூடப் பார்த்ததில்லை. குப்பை அள்ளினோம். நுரையை வாளி வாளியாக எடுத்தோம். சாயம் படிந்து போயிருந்த கற்களைத் தேங்காய்த் தும்பாலும் சவர்க்காரத் தூளாலும் தேய்த்தோம். சாதாரணக் கல்லாக வெளியே வரும் வரைக்கும் விடவில்லை. இடியப்பக்காரி எல்லாருக்கும் சாப்பாடு கொடுத்தாள், காசு வாங்கவில்லை. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிக் கல் தேய்த்தாள். "எனக்காக இவ்வளவு பேரு வந்திருக்கீங்களே" என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்த நெஞ்சடைப்பிலேயே போய் இன்னும் இரண்டு கல் தேய்த்தேன்.

அடுத்தது அழைப்பிதழ். எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த விழாவென்றாலும் அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் அடுத்த பத்து வருடத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். பட்டியலில் முதல் பெயர் சாயக் கம்பனி முதலாளி. கதிரையும் லொறியும் தருகிறவரை வேறெங்கே போடுவது?

நானே நேரில் போய்க் கொடுத்தேன். இஞ்சி பிஸ்கட்டும் பால் தேத்தண்ணியும் தந்து உபசரித்தார். அழைப்பிதழை நிதானமாகப் படித்தார்.

"எத்தனை மணிக்கு அக்கா?" என்று கேட்டார்.

"ஒம்பதரைக்கு. அவங்க சரியான நேரத்துக்கு வருவாங்களாம். பிந்திராதீங்க" என்றேன் நான். கூடவே, நூறு கதிரை வேண்டும் என்றும் சொன்னேன்.

இதை எழுதும்போது காது சுடுகிறது. ஆனால் நடந்தது நடந்ததுதானே.

புதன்கிழமை காலை யாழ்ப்பாண பஸ்ஸில் வந்து இறங்கிய மாஸ்டர் நேரே சனசமூக நிலையத்துக்கு வந்தார். வாசலில் தோரணம். உள்ளே வெள்ளை விரித்த மேசை. மேசையில் மாஸ்டருடைய போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு அந்தூரியம் பூ. மகளிர் குழுவினர் ஜன்னலோரம் இருந்த அழுக்குத் தண்ணீரை எல்லாம் ஊற்றிவிட்டு, திகதியை உரசி எடுத்து, பளிச்சென்று கழுவி வைத்திருந்தார்கள். மகளிர் குழுவில் நானும் இருந்தேன்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உதுக்குள்ளை பூ வைச்சிருக்கிறியளோ?" என்றார்.

"மேசை வெறுமையா இருந்துச்சு மாஸ்டர்" என்றேன்.

அவர் பையைக் கீழே வைக்காமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதரைக்கு அதிகாரி வந்தார். சிறு வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், மரியாதையானவர். மாலை போட்டு, வெற்றிலை கொடுத்து வரவேற்றோம். குத்துவிளக்கு ஏற்றினோம். மூன்று மொழியிலும் வரவேற்புரை, மூன்றும் நான்தான். முதல் வரிசையில் முதலாளி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாருமாக ஊர்வலம் போலப் போய் ஓயாவைப் பார்த்தோம்.

ஓயா பளிங்கு போல ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கிடக்கிற மணல் தெரிந்தது. எங்கிருந்தோ இரண்டு குட்டி மீன்கள் வேறு வந்திருந்தன. கம்பனிக் குழாயிலிருந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அதன் வாயில் ஒரு சிலந்தி வலை பின்ன ஆரம்பித்திருந்தது. எனக்கு அந்தச் சிலந்தி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"சேர், மத்த நாள்ல இப்பிடி இல்ல" என்றேன். அதிகாரி சிரித்தார். பணிவு என்று நினைத்திருப்பார். வருகைப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினார்: நீர் தெளிவாக உள்ளது, பொதுமக்களின் பராமரிப்பு ஏனைய கிராமங்களுக்கு முன்மாதிரியானது. எல்லாரும் கை தட்டினார்கள். பழக்கத்தில் நானும் தட்டினேன்.

அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் இடியப்பக்காரியின் வீட்டுக்கு வந்தார். ஓயாவில் ஒரு குறையும் இல்லை என்று அதிகாரியே எழுதிவிட்டார், ஆகவே கிணறு கெட்டதற்குக் காரணம் அவள் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும், அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் வியாபாரம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். தவணையும் போயிற்று.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"கூப்பிட்டதும் நீங்க, கழுவுனதும் நீங்க, மாலை போட்டதும் நீங்க" என்றாள். "நான் யாருகிட்ட போயி சண்டை போடுறது அக்கா?"

நாசமாய்ப் போன என் கை அப்போதும் பேனாவைத்தான் தேடியது.

"கடிதமெல்லாம் போதும்" என்றாள். "நாளைக்கு வெள்ளன என்கூட வாங்க."

மறுநாள் போனபோது அவள் கிணற்றுத் தண்ணீரிலேயே மாவு குழைத்துப் பிழிந்து அவித்து முடித்திருந்தாள். விற்பதற்கில்லை. மூடியைத் திறந்து காட்டினாள். ஒரு தட்டு நிறையக் கத்தரிப்பூ நிற இடியப்பம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க வடிவாக இருந்தது.

பஸ்ஸில் மடியில் தட்டோடு இரண்டு பேரும் கண்டிக்குப் போனோம். குலுக்கலில் மூடி விலகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, பிறந்தநாளுக்கா என்று கேட்டாள். மகளுக்கு அடுத்த மாதம் வருகிறதாம், ரோஸ் கலரில் செய்ய முடியுமா, ஓடர் எடுப்பீர்களா என்றும் கேட்டாள்.

"திங்கக்கிழமை வாங்க, சிவப்பு வரும்" என்றாள் இடியப்பக்காரி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அதிகாரியின் காரியாலயத்தில் எங்களுடைய கோப்பு அவருடைய மேசையிலேயே இருந்தது. முன்மாதிரிக் கிராமமாக எங்களுக்கு ஏதோ சான்றிதழ் கொடுக்கப் போகிறார்களாம். அவள் தட்டை அந்தக் கோப்பின் மேலேயே வைத்தாள். அன்பளிப்பு வாங்க முடியாது என்று அவர் கையை ஆட்டினார். அவள் மூடியை எடுத்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணியில செஞ்சது. சாப்பிடுங்க சேர்" என்றாள் தமிழிலேயே. நான் சிங்களத்தில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

அவர் அந்த இடியப்பத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அன்றைக்குத் தண்ணீர் தெளிவாக இருந்ததே என்று கேட்டார்.

"அன்றைக்குக் கம்பனிக்கும் அழைப்பிதழ் கொடுத்திருந்தோம்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எழுந்து, ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜீப் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டும்போது என் கை தானாகவே கைப்பேசியை எடுத்தது. ஹாஜியாருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? அதிகாரி வருகிறார், ஒரு பிளேன்டீயாவது வேண்டாமா? எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது இடியப்பக்காரி என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கி, இடியப்பத்தின் மேலேயே வைத்து மூடியைப் போட்டாள். அதன் மேல் தன் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

கம்பனியின் பின்பக்கம் போய் இறங்கினோம். குழாய் முழுவாயும் திறந்து கத்தரிப்பூ நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அதிகாரி படம் எடுத்தார், போத்தலில் பிடித்தார், எழுதினார். சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். ஜீப்பைப் பார்த்தார், அதிகாரியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சொல்லியிருந்தா கதிரை போட்டிருப்பேனே அக்கா" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது. கம்பனிக்கு உத்தரவு போனது. இழுத்தடித்தார்கள். நாங்கள் விடவில்லை. அன்று தட்டு திரும்பி வந்ததும் மாஸ்டர் அந்த இடியப்பத்தைப் படம் எடுத்திருந்தார். நான் அதற்குக் கீழே 'இதை உங்கள் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா?' என்று மூன்று மொழியில் எழுதினேன். ஹாஜியாரின் மகன் கதவு அளவுக்கு அச்சடித்துக் கொண்டுவந்தார். சந்தியில், பஸ் தரிப்பில், பாடசாலை மதிலில் எல்லாம் ஒட்டினோம். கம்பளையில் இருக்கிற என் சித்தி மகளுக்கே அந்தப் படம் வட்ஸ்அப்பில் போய், அவள் அதை எனக்குத் திருப்பி அனுப்பினாள். நான் வாழ்நாளில் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அந்த ஒரு வரிதான். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கடைசியில் கம்பனி சுத்திகரிப்புத் தொட்டி கட்டியது. ஓயா தண்ணீர் நிறத்துக்கு வந்தது. கிணற்றை இறைத்து, சேறு வாரி, மருந்து போட்டு, மழைக்காலம் ஒன்று போகவிட்டு மறுபடியும் சோதித்தார்கள். தண்ணீர் நல்லது என்று வந்தது. சுகாதாரப் பரிசோதகரே நேரில் வந்து அனுமதிப்பத்திரத்தை அவள் கையில் கொடுத்தார்.

அடுத்த நாள் விடியற்காலையில் அவள் பழையபடி அடுப்பு மூட்டினாள். ஒருவரும் வரவில்லை.

பஸ் தரிப்பில் கூட்டம் நின்றது. எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள். சிரித்தார்கள், சுகம் விசாரித்தார்கள், பஸ்ஸில் ஏறிப் போனார்கள். தெருவில் பாதிப் பேர் ஓயாவுக்குள் இறங்கிக் கல் தேய்த்தவர்கள். ஒருவர்கூட இடியப்பம் வாங்கவில்லை. ஆறு மாதமாக ஊர் பூராவும் அந்தக் கத்தரிப்பூ இடியப்பத்தைக் கதவு அளவுக்குப் பார்த்திருக்கிறது. பார்க்க வைத்தவள் நான். சுவரொட்டியைக் கிழிக்கலாம், கிழித்தேன். கம்பளை வரைக்கும் போனதை எப்படிக் கிழிப்பது?

மூன்றாம் நாள் நான் பஸ் நேரம் பார்த்துப் போய், பத்து இடியப்பம் வாங்கி, பஸ் தரிப்பின் முன்னால் நின்று சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று. அவள் தட்டில் வைத்துத் தந்தாள். முதல் இடியப்பத்தைக் கையில் எடுத்தேன். எடுத்ததும், என்னை அறியாமலே, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தேன்.

வெள்ளையாகத்தான் இருந்தது. திரும்பினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க அக்கா" என்றாள் மெதுவாக. "நல்லா பாத்துட்டே சாப்பிடுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பத்தையும் தின்றேன். அடுத்த நாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். ஹாஜியார் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, சந்திக்குக் கேட்கிற மாதிரி சொதியை உறிஞ்சினார். மாஸ்டர் இடியப்பம் பெரிதாகப் பிடிக்காதவர். அவரும் நின்று, மருந்து குடிக்கிற முகத்தோடு இரண்டு இரண்டாக விழுங்கினார். எங்களைப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் ஒரு வாரம் போக ஒருத்தி வந்து நாலு வாங்கினாள். பிறகு இரண்டு பேர். இப்போது பழைய கூட்டத்தில் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. பிந்திப் போனால் எனக்கே கிடைப்பதில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. தட்டை இறக்கியதும், யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், முதல் இடியப்பத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எடுத்துத் தானே சாப்பிட்டுக் காட்டுகிறாள். ஒருவரும் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் மென்று விழுங்கி முடிக்கும் வரைக்கும் நாங்கள் எல்லாரும் கையில் பையோடு காத்துக்கொண்டு நிற்கிறோம்.